ஒரு காப்பி, மூன்று மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பெருநகர்க்காரன். எங்க ஊர்ல உட்கார்ந்து பேச ரெண்டே இடம். ஒன்று கோயில் மண்டபம், இன்னொன்று டீக்கடை பெஞ்ச். வேலை கிடைத்துக் கல்கத்தா போனபோது அந்த ரெண்டும் இல்லாமல் தவித்துப் போனேன். மொழியும் தெரியாது.

ஒருநாள் கூட வேலை பார்த்த நண்பர் என்னைக் காலேஜ் தெருவுக்கு அழைத்துப் போனார். பிரசிடென்சி கல்லூரிக்கு எதிர்ப்பக்கம், புத்தகக் கடைகளுக்கு நடுவே ஒரு பழைய மாடிக் கட்டிடம். ஆல்பர்ட் ஹால் என்று பெயர். 1942ல் அங்கே காப்பி ஹவுஸ் வந்தது. உயரமான கூரை, சுற்றிலும் பால்கனி, சுவரில் தாகூர் படம், வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பணியாளர்கள். ஆளுக்கு ஒரு காப்பி வாங்கினோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். "எழுந்திருங்க சார்"னு ஒருத்தர் சொல்லலை! வங்காளிகள் இதை 'அட்டா' என்கிறார்கள். நம்ம திண்ணைப் பேச்சுதான், வேறொன்றுமில்லை. சத்யஜித் ரேயும் அமர்த்தியா சென்னும் உட்கார்ந்து பேசிய இடம் அது. 1983ல் மன்னா தே இந்த அட்டாவைப் பற்றிப் பாடிய பாட்டு வங்காளிகளுக்கெல்லாம் மனப்பாடம்.

ஆனால் அந்த இடம் சும்மா நிலைத்துவிடவில்லை. 1950களில் காப்பி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியது. தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். ஏ.கே. கோபாலன் யோசனைப்படி அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957ல் பெங்களூரில் சங்கம், அதே ஆண்டு டில்லியில் கடை. 1958ல் கல்கத்தா கடையும் மூடப்பட்டது. பேராசிரியர்கள் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அந்த வருஷமே கதவு திறந்தது. பரிமாறினவங்களே முதலாளி ஆனாங்க!

நமக்கு இது புதுசா? பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில் ஊரை 30 குடும்பாகப் பிரித்துக் குடவோலை எடுத்தவர்கள் நம் முன்னோர். கூடி உட்கார ஒரு சபை இருந்ததால்தானே அது நடந்தது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லூரியின் பழைய கேண்டீன் கொட்டகையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கூரை ஒழுகுவது உண்மை. அதை மாற்ற நம் சங்கத்தால் முடியாதா? என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுக்கிறேன். முதல்வர் ஐயா ஓராண்டு அவகாசம் தந்தால் போதும்.

மாணவத் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு ஒரே வேண்டுகோள். அங்கே உட்காரும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டு எதிரே இருப்பவரிடம் பேசுங்கள். கொட்டகை நமக்கு வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.