டிரெயிலரின் பின்விளக்கு எரியாதபோது

(வடமதுரையில் டிராக்டர் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக ஆன பிறகு அதில் செல்லும் வண்டிகளின் வேகம் எவ்வளவு கூடிவிட்டது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமது டிராக்டரின் வேகமோ கூடவில்லை. சோளத்தட்டை ஏற்றிய டிரெயிலர் அன்று போலவே இன்றும் மெல்லத்தான் செல்கிறது. சில வேளை பழுதாகி ஓரத்தில் நின்றும் விடுகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திற்குத் தெரிய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அவ்வாறு தெரிந்தால், நிற்கும் டிரெயிலரைக் கண்டு வேகத்தைக் குறைக்க லாரிக்காரருக்கு ஏழு விநாடி கிடைக்கிறது. விளக்கு இல்லையெனில், தாழ்த்திய முகப்பு வெளிச்சத்தில் புழுதி படிந்த டிரெயிலர் 40, 50 மீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் படும். அது இரண்டு விநாடி. பாரம் ஏற்றிய லாரி அதற்குள் நிற்காது. அதன் பலனை யார் அனுபவிப்பது? பெரும்பாலும் தட்டையின் மேல் அமர்ந்து வரும் கூலியாட்கள்தாம்.

விளக்கு எரியவில்லையென்றால் "பல்பு போய்விட்டது" என்று சொல்லிப் புதிய பல்பு வாங்கி மாட்டுவது நமது வழக்கம். அதுவும் எரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருட்டிலேயே புறப்பட்டு விடுகிறோம். பல்பைச் சந்தேகிப்பது தவறன்று. ஆனால் டிரெயிலரைப் பொறுத்தவரை முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்து.

மின்சாரம் வாய்க்கால் நீரைப் போல வயலில் பாய்ந்து அங்கேயே தீர்ந்து போவதில்லை. பாட்டரியிலிருந்து பல்புக்கு வந்தது மீண்டும் பாட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். டிராக்டரில் அது இரும்புச் சட்டத்தின் வழியே திரும்புகிறது. டிரெயிலருக்கோ, தனி எர்த்து ஒயர் போடாவிட்டால், கொக்கியும் பின்னுமே வழி. அங்கே துருவும் கிரீசும் மண்ணும் சேர்ந்திருக்கின்றன. வண்டி குலுங்கும்போது தொடர்பு வருகிறது, போகிறது. வீட்டு வாசலில் எரிந்த விளக்கு மேட்டில் ஏறும்போது அணைந்துவிடுவதன் இரகசியம் இதுதான்.

எர்த்துக் குறைக்கு அடையாளங்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். அல்லது அணைந்திருந்த பார்க்கிங் விளக்குகள் மினுக்கும். திரும்பும் பக்கத்தைக் காட்டினால் எல்லா விளக்குகளும் சேர்ந்து துடிக்கும். திரும்ப வழியில்லாத மின்சாரம் அடுத்த இழையின் வழியே புகுந்து போகப் பார்க்கிறது என்று பொருள். அரைகுறை எர்த்தும் தீமையே. 12 வோல்ட் பல்புக்கு 10 வோல்ட்டே கிடைத்தால் அதன் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எரிகிறது என்று நாம் திருப்தியடைகிறோம். பின்னால் வருபவருக்குத் தெரிவதில்லை.

சோதனைக்கு ஒரு 12 வோல்ட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர்கள் போதும். ஒரு ஒயரைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, மற்றதைப் பின்விளக்கு ஹோல்டரின் நடு முனையில் தொடுக. சோதனைப் பல்பு நன்றாக எரிந்தால் மின்சாரம் அங்கே வந்துவிட்டது. பிறகு வண்டியின் பல்பை மாட்டி, ஹோல்டரின் உடலிலிருந்து பாட்டரி நெகட்டிவுக்கு நீண்ட ஒயர் ஒன்றைப் பிடியுங்கள். உடனே எரிந்தால் குற்றவாளி எர்த்தே. அப்போதும் எரியாவிட்டால் பல்பையும், ஹோல்டரில் படிந்த பச்சைக் களிம்பையும் பாருங்கள். களிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

மீட்டர் வைத்திருப்போருக்கு ஒரு சொல். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், நைந்து ஓர் இழையில் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பு எரியும் நிலையில் அளப்பதே உண்மை.

டிராக்டரின் முன் பார்க்கிங் விளக்கு எரிந்து, டிரெயிலரின் இரு பின்விளக்குகளும் எரியாவிட்டால், பிளக்கைக் கவனிக்க வேண்டும். ஏழு முள் பிளக்கில் உலகத் தர முறைப்படி 3-ஆவது எர்த்து, 5-ஆவது வலப் பின்விளக்கு, 7-ஆவது இடப் பின்விளக்கு. உள்ளூர்ப் பட்டறையில் இணைத்தவற்றில் இந்த வரிசை மாறியிருக்கக்கூடும். திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. 3-ஆவது முள்ளிலிருந்து டிரெயிலரின் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த்து ஒயர் இழுத்துவிட்டால் கொக்கியை நம்பியிருக்க வேண்டியதில்லை. என் கருத்தில் ஒவ்வொரு டிரெயிலருக்கும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

பின்விளக்கு, பிரேக் விளக்கு இரண்டுக்கும் சேர்ந்த பல்பில் இரண்டு இழைகள் உண்டு: ஒன்று 5 வாட், மற்றது 21 வாட். அதன் பக்கக் குமிழ்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். வலிந்து மாற்றித் திருகினால் பிரேக் விளக்கு எந்நேரமும் எரிய, பிரேக்கை மிதித்தால் மங்கலொளி வரும்.

பியூஸ் அடிக்கடி போனால் டிரெயிலர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பின் பியூஸ் நின்றால் குறை டிரெயிலரில். பல்புகளைக் கழற்றிவிட்டு, பிளக்கை மீண்டும் மாட்டி, பியூஸ் இருந்த இடத்தில் சோதனைப் பல்பை இணைத்தால் அது எரிந்துகொண்டிருக்கும். பிறகு ஒயரை முழம் முழமாக அசைத்துச் செல்க. எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கே ஒயர் நைந்து இரும்பைத் தொடுகிறது. தகரத்தின் ஓரமும் எலி கடித்த இடமும் வழக்கமான இடங்கள். பியூசுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரெட் தாளோ வைப்பது மிகவும் ஆபத்து. பியூசுக்குப் பதில் ஒயரே எரியும்; அதன்மேல் இருப்பதோ வைக்கோல்.

கண்ணாடிச் சிவப்புப் பிரதிபலிப்பான்களும், ஒளிரும் ஒட்டுப்பட்டையும் அவசியந்தான். ஆனால் பின்வருபவரின் விளக்கொளி பட்டால்தான் அவை மின்னும். தாமாக ஒளிர்வன அல்ல. தவிர, தொங்கும் தட்டை அவற்றை மறைத்துவிடுகிறது. அய்யலூர்ச் சந்தைக்குப் போகும் வழியில் இதை நீங்களே காணலாம்.

வெளியே ஒரு டிரெயிலரை நிறுத்தி, அதன் எர்த்தை வேண்டுமென்றே கழற்றி வைத்திருக்கிறோம். மெக்கானிக் சோதனைப் பல்புடன் காத்திருக்கிறார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து குறையைத் தம் கையாலேயே கண்டுபிடிக்கலாம்.