ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே சீட்டு



1 குறிப்பேடு 25-ஆம் அதிகாரத்தில் தாவீது அரசர் ஆண்டவரின் இல்லத்துக்குப் பாடகர்களை ஏற்படுத்துகிறார். தேர்ச்சி பெற்றவர்கள் 288 பேர். பணிமுறைக்குச் சீட்டுப் போட்டபோது சிறியவர் பெரியவர், ஆசிரியர் மாணவர் என்று பார்க்கவில்லை.

நம் கோவில்பட்டியில் விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்புகிறோம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து, முதலில் கைதட்டித் தாளம் பழகுகிறார்கள். பிறகு பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ச, ரி, க, ம, ப என்று ஐந்து கட்டைகள். (தானாகத் தாளம் போடும் பொத்தானை மட்டும் தொடாதிருந்தால் நல்லது!) ஒருவன் முந்தி ஓடினால் பாட்டு கெட்டுவிடும், மற்றவனுக்காகக் காத்திருக்க வேண்டும். தனியாகக் கற்கும் பிள்ளைக்கு இது எளிதில் வாய்க்காது.

ஆனால் வகுப்பில் கற்றது வீட்டிலும் தினம் பத்து நிமிடமாவது விரலில் ஓட வேண்டுமே. தீப்பெட்டி ஆலைக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில், மழை பொய்த்த கரிசல்காட்டு வீட்டில், கீபோர்டுக்கு எங்கே போவது? பிள்ளை அட்டையில் கட்டைகளை வரைந்து பழகுகிறது. அட்டை சத்தம் தராது. இரண்டாம் மாதம் பிள்ளை நின்றுவிடுகிறது. நாமும் "ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

நம் பாடகர் குழுவின் கீபோர்டோ, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உறைக்குள் போய்விடுகிறது. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அந்த உறையைக் கழற்றி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்க நம்மில் யார் வருகிறோம்?