கொல்லக் கருதாத கொலை



ஓர் உயிருக்கு மனிதன் இட்ட பெயரே அதன் விதியாயிற்று. வட அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் ஒருவகைத் திமிங்கிலத்துக்கு ‘ரைட் வேல்’ என்று பெயர். கொல்வதற்கு ஏற்றது என்பதே அப்பெயர்க்குக் கூறப்படும் காரணம். அது கரையோரமாக மெல்ல நீந்தும், இறந்தபின்னும் மிதக்கும், எண்ணெயை மிகுதியாகத் தரும். 1890களுக்குள் வேட்டைக்காரர் அவ்வினத்தை அழிவின் விளிம்புக்குக் கொணர்ந்துவிட்டனர். 1935இல் பன்னாட்டு உடன்படிக்கை அவ்வேட்டையைத் தடுத்தது.

ஐரோப்பியக் கரையோரத்தில் அவ்வினம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. எஞ்சியவை அமெரிக்க, கனடியக் கரைகளை ஒட்டியே வாழ்கின்றன. கோடையில் நியூ இங்கிலாந்துக் கடலிலும் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவிலும் அரிசிமணியளவுள்ள சிற்றுயிர்களை உண்கின்றன. குளிர்காலத்தில் சூலுற்றவை தெற்கே ஜார்ஜியா, புளோரிடா கரைகளுக்குச் சென்று குட்டி ஈனுகின்றன. அந்நெடுவழி முழுவதும் கப்பல்களும் மீன்பிடி கயிறுகளுமே.

இன்று உயிரோடிருப்பவை ஏறத்தாழ 380. குட்டி ஈனும் பருவத்துப் பெண் திமிங்கிலங்களோ ஏறத்தாழ 70 மட்டுமே. 2017ஆம் ஆண்டில் மட்டும் 17 இறந்தன. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவுக்கு மிக அண்மையிலுள்ள இனங்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது.

எண்கள் உரைக்காததை ஒரு தாயின் கதை உரைக்கும். ஆய்வாளர் அதற்கு ‘ஸ்நோ கோன்’ எனப் பெயரிட்டிருந்தனர். அதன் தலைக்குட்டி 2020இல் கப்பல் மோதி மாண்டது. மறு ஆண்டு கயிறு அதனைச் சுற்றிக்கொண்டது. அக்கயிற்றை இழுத்தவாறே அது மீண்டும் ஒரு குட்டியை ஈன்றது. 2022 செப்டம்பரில் உடல் நலிந்து, புதிய கயிற்றிலும் சிக்கி, தனியே காணப்பட்டது. குட்டி அருகில் இல்லை.

கப்பலைச் செலுத்தியவரோ, சிங்கி இறாலுக்குக் கூடு இட்டவரோ கொல்ல எண்ணியவர் அல்லர். எனினும் உயிர் போயிற்று. பழைய வேட்டை அறிந்தே செய்தது. இன்றைய அழிவு கவனமின்மையால் விளைவது. ஆதலின் கவனத்தாலேயே அது தீரும். 2008 முதல் அமெரிக்கக் கரையில், குறித்த பருவங்களில், குறித்த இடங்களில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் 10 கடல்மைல் வேகத்தை மீறலாகாது. கடலில் கயிறு நில்லாதவாறு கூடுகளை மேலெழச் செய்யும் கருவிகளும் வந்துள்ளன.

2001 செப்டம்பரில் சில நாள் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் இரைச்சல் அடங்கியது. அங்கிருந்த இத்திமிங்கிலங்களின் உடலில் அழுத்தத்தைக் காட்டும் சுரப்பும் தணிந்ததைப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். மனிதன் சற்றே ஒதுங்கியதற்கே அவ்வுயிர்கள் ஆறுதல் கொண்டன.