பாட்டுக்காரனும் அமைச்சர் கதிரையும்
(இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் கூடியிருக்கிற இந்த நிலம் காடிகல் மக்களின் நிலம். அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். இண்டைக்கு நான் கதைக்க வந்த ஆள் இந்த ஒரு விசயத்தையே பாட்டாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். பிறகு அதே நாட்டின் அமைச்சராகவும் இருந்தவர். மிட்நைட் ஒயில் ரொக் இசைக்குழுவின் பாடகர் பீற்றர் கரட்.

ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்? போன மாதம் எங்கட தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணை, தொழிற்கட்சியில சேர்ந்து நகரசபைக்குக் கேட்கலாமெண்டு யோசிக்கிறன். பிழையா?" அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஞாபகம் வந்தவர் கரட்தான்.

கரட் 1953இல் சிட்னியில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1973இல் ஒரு குழு பாடகர் தேடுகிறதென்ற விளம்பரத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார். 1976இல் அந்தக் குழு மிட்நைட் ஒயில் ஆனது. மொட்டைத் தலை, ஆறடிக்கும் மேலான உயரம், வலிப்பு வந்த மாதிரி ஓர் ஆட்டம். அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டினம். ஆனால் அவர் பாடினால் நின்று கேட்கத்தான் வேண்டும்.

1986இல் இந்தக் குழு, வரும்பி பாண்ட் என்ற பழங்குடி இசைக்குழுவோடு சேர்ந்து பாலைவனத்துப் பழங்குடிக் கிராமங்களுக்குப் போனது. அங்கே பின்டுபி மக்களின் கதையைக் கேட்டார்கள். தங்கள் நிலத்திலிருந்து அகற்றப்பட்டு பப்பூன்யாவில் குடியேற்றப்பட்ட மக்கள் அவர்கள். 1981இல் தாங்களே முடிவெடுத்து, கின்டோருக்குத் திரும்பிப் போனவர்கள். குடியேற்றம், அகற்றல், திரும்பிப் போதல்: இந்தச் சொற்களை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1987இல் வந்த 'டீசல் அண்ட் டஸ்ட்' அல்பமும் 'பெட்ஸ் ஆர் பேர்னிங்' பாட்டும் அந்தப் பயணத்தில் பிறந்தவை. அந்த மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற பாட்டு, உலகம் முழுக்க வானொலிகளில் ஓடியது.

பாட்டோடு நிற்கவில்லை. 1984இல் அணு ஆயுத ஒழிப்புக் கட்சியின் சார்பில் செனற் சபைக்குப் போட்டியிட்டார். நியூ சவுத் வேல்சில் ஒன்பது வீதத்துக்கும் மேல் வாக்கு எடுத்தும் தோற்றார். தொழிற்கட்சி தன் விருப்பு வாக்குகளை அவருக்குப் போகாமல் திருப்பிவிட்டது அதற்கு ஒரு காரணம். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ.

1990இல், எக்சன் வால்டீஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்கு அடுத்த வருசம், நியூயோர்க்கில் எக்சன் தலைமையகத்துக்கு முன்னால் ஒரு லொறியை நிறுத்தி அதன் மேலே ஏறிப் பாடினார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் கறுப்பு உடையோடு மேடைக்கு வந்தார்கள். அந்த உடையில் 'சொறி' என்ற ஒரு சொல் எழுதியிருந்தது. திருடப்பட்ட தலைமுறையிடம் மன்னிப்புக் கேட்க மறுத்த பிரதமர் ஜோன் ஹவார்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிக் கதையின் மற்றப் பக்கம்.

2002இல் கரட் குழுவை விட்டு விலகினார். 2004இல் தன்னைத் தோற்கடித்த அதே தொழிற்கட்சியின் வேட்பாளராக கிங்ஸ்ஃபோர்ட் சிமித் தொகுதியில் நின்று வென்றார். கட்சிக் கிளை அவரைத் தெரிவு செய்யவில்லை. தலைவர் மார்க் லேதம் மேலிருந்து இறக்கிவிட்டார். கிளை உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நான் அப்போது அந்தத் தொகுதியில் வாடகைக்கு இருந்த மாணவன். அந்த எதிர்ப்பு எனக்குச் சின்ன விசயமாகப் பட்டது. "எங்கட ஆள் உள்ளுக்குப் போறார்" என்ற சந்தோசத்தில், 2007 தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் நாள் முழுக்க வெயிலில் நின்று அவருடைய துண்டுப்பிரசுரம் கொடுத்தேன்.

அவர் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆனார். நல்லதும் செய்தார், அதை மறைக்கக் கூடாது. 2009இல் குயீன்ஸ்லாந்தில் மேரி ஆற்றைக் கெடுக்கவிருந்த ட்ரவெஸ்டன் அணைத் திட்டத்தை மறுத்தார். யப்பானின் திமிங்கில வேட்டையை அவுஸ்திரேலியா 2010இல் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோது அமைச்சர் அவர்தான். 2014இல் அந்த வழக்கு வென்றது.

ஆனால் அதே 2009இல், தென் அவுஸ்திரேலியாவில் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்த கையெழுத்தும் அவருடையதே. யுரேனியத்துக்கு எதிராக ஆயுள் முழுக்கப் பாடிய கை அது. அதே காலத்தில் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் போடும் அரசுத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆபத்தைப் பற்றிக் கரட் பிரதமருக்குக் கடிதங்கள் எழுதியிருந்தது பின்னர் தெரியவந்தது. யோசித்துப் பாருங்கோ. நியூயோர்க்கில் லொறியில் ஏறிக் கத்தினவர், அமைச்சரானதும் கடிதம் எழுதினார்.

2009 ஒக்ரோபரில் ஓஷியானிக் வைக்கிங் கப்பலில் எங்கட ஆக்கள் 78 பேர், இறங்க மாட்டோம் என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து மாதம்தான். இந்தோனேசியாவின் மேராக் துறைமுகத்தில் இன்னொரு படகு மறிக்கப்பட்டு நின்றது. என்ர சித்தியின் மகன் அதில் இருந்தார். கரட் அந்த அரசாங்கத்தில் அமைச்சர். 2012இல் நவுறு முகாம் திரும்பத் திறந்தபோதும் அமைச்சர். அங்கே முதலில் கொண்டுபோகப்பட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். குடிவரவு அவருடைய துறை இல்லை, உண்மை. ஆனால் அமைச்சரவை என்றால் கூட்டுப் பொறுப்பு. சித்தி தொலைபேசியில் அழுதபோது, நான் கொடுத்த துண்டுப்பிரசுரங்கள்தான் என் கண்ணுக்குள் நின்றன.

ஆகவே அவர் துரோகியா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. அந்தச் சொல் எங்கட சமூகத்தில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். 2013இல் அரசியலை விட்டபின், 2017இல் குழு திரும்பச் சேர்ந்தது. 2020இல் பழங்குடிக் கலைஞர்களோடு 'மக்கரேட்டா புரொஜெக்ட்' செய்தார்கள். 2022இல் கடைசிச் சுற்றுப்பயணம். திரும்பவும் மேடையில் அதே ஆள்தான். அவருடைய மனசு மாறியிருந்தால் இது நடந்திருக்காது.

அவர் நின்ற இடம்தான் மாறியது. 1986இல் பாலைவனத்துக்குப் போனபோது, அந்த மக்கள் சொன்னதைக் கேட்டுத்தான் பாட்டு வந்தது. 2004இல் தலைவர் கூப்பிட்டார், இவர் போனார். கீழே யாரும் அவரை அனுப்பவில்லை. ஆகவே அவரைத் திருப்பிக் கூப்பிடவும், "இந்தக் கையெழுத்தைப் போடாதே" என்று கட்டளையிடவும் கீழே யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அவருக்கு வாக்குச் சேர்த்த என்னைப் போன்றவர்களும் தேர்தல் முடிந்தவுடன் வீட்டுக்குப் போய்விட்டோம். அது எங்கட பிழை.

கேள்வி கேட்ட தோழர் இங்கேதான் இருக்கிறார். தம்பி, என்ர பதில் இதுதான். கேட்கிறதென்றால் கேள். ஆனால் உன்னை யார் அனுப்புகினம் என்பதை முதலில் முடிவு செய். கட்சித் தலைவரா, இந்த அறையில் இருக்கிற நாங்களா? நாங்களென்றால், எந்த விசயத்தில் கட்சி பிழையாகப் போனால் நீ வெளியில் வருவாய் என்பதை இப்பவே எங்களோடு இருந்து எழுதி வை. அகதிகளைத் திருப்பி அனுப்புவது அந்தத் தாளில் முதல் வரியாக இருக்கட்டும். அந்த நாள் வந்து நீ வெளியில் வரும்போது, உன்னோடு நிற்க நாங்கள் இருக்க வேண்டும். அதுக்கு நாங்கள் தேர்தலுக்குப் பிறகும் கூட்டம் வைக்க வேண்டும்.

தேத்தண்ணி ஆறப் போகுது. மிச்சத்தை இருந்து கதைப்பம்.