துண்டுக்குள் இருக்கவேண்டியது விரல் மட்டும்



நக்கீரருக்குச் சிலை வைத்த ஊர் இது. மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரத்தில் சிவபெருமான் இருக்கிறார். அவர் முன்னே நக்கீரர் நிற்கிறார். அந்தப் புலவர் தன் மனத்தில் பட்டதைச் சங்கத்து அவையில், அரசனும் மற்றவர்களும் கேட்கச் சொன்னார் என்பதுதான் கதை. அப்படிப்பட்ட ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வேறு எங்கே போய்க் கேட்பது? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றம், “கோர்ட் விஷயம்” என்று சொல்லி நம்மை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தலாமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப்பேர் வேண்டாம். ஒரு பேரூராட்சி மன்றக் கூட்டம். பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் நாங்கள் நாலு பேர். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று வரிசையாகப் பொருள்களை வாசித்தார்கள். குளத்து ஆக்கிரமிப்பு வழக்கு வந்ததும், “கொஞ்சம் வெளியே இருங்க” என்றார்கள். இருந்தோம். உள்ளே டீ போனது. காலி கிளாஸ்கள் வெளியே வந்தன. கதவு திறந்தபோது கூட்டமே முடிந்திருந்தது. பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால், அந்தப் பொருளுக்கு நேரே ஒரே ஒரு சொல்: “அனுமதிக்கப்பட்டது.” எது? மேல்முறையீடா, சமரசமா, வக்கீல் ஃபீஸா? அந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். ஒன்றும் தெரியாமல் படியிறங்கி வந்தோம்.

மறைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதில் தப்பில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரிந்தால் பேரம் கெட்டுவிடும். வழக்கும் அப்படித்தான். மதுரை ஐகோர்ட் கிளையில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, நம் கையில் எந்தப் பத்திரம் இல்லை, எதுவரை இறங்கிப்போகலாம் என்பதையெல்லாம் எதிர்த்தரப்பு உட்கார்ந்திருக்கும் அவையில் பேசினால், போவது ஊர்ச் சொத்து. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் உண்டு. பேரூராட்சியும் ஒரு கட்சிக்காரர்தான். அந்தப் பாதுகாப்பு அதற்கும் வேண்டும்.

ஆனால் துண்டுக்குள் இருப்பது விரல் மட்டும். மாடு துண்டுக்குள் இல்லை! அது எல்லார் கண்ணெதிரிலும் நிற்கிறது. யார் ஓட்டிப்போகிறார் என்பதைச் சந்தையே பார்க்கிறது. வக்கீலோடு பேசும் யோசனையை மறைக்கலாம். வழக்குப் போட எடுத்த முடிவு, சமரசத்தில் விட்டுக்கொடுத்த இடம், செலவழித்த தொகை, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பவை மாடு. அவற்றை மறைக்க எந்த மன்றத்துக்கும் நியாயம் இல்லை.

மன்றத்தின் கதவைத் திறந்து வைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் வழி இதுதான்: மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, தலைமை வகிப்பவர் குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பத்தில் வெளியே போகச் சொல்லலாம், ஆனால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அப்படி! 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் போய்விட்டது. காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தக் கூடாது என்ற நியாயம் அதோடு போய்விடுமா?

சீனப் படை எல்லை தாண்டி வந்த 1962-ஐ நினைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத்தை ரகசியமாகக் கூட்டலாம் என்று உறுப்பினர் எல்.எம்.சிங்வி யோசனை சொன்னார். நேரு ஏற்கவில்லை. போர் நடக்கும்போதே விவாதம் திறந்த அவையில் நடந்தது. ஒரு குளத்து வழக்கு அதைவிடப் பெரிய ராணுவ ரகசியமா?

எனக்குப் பிடித்த ஏற்பாடு அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே மன்றம் தன் வக்கீலோடு தனியாகக் கூடலாம். நடப்பில் உள்ள வழக்குக்கு மட்டும். அதிலும் சமரசப் பேச்சு, வழக்குச் செலவு பற்றிய உத்தி இரண்டுக்கு மட்டும். உள்ளே பேசும் ஒவ்வொரு சொல்லையும் சுருக்கெழுத்தர் எழுதுகிறார். வழக்கு முடிந்ததும் அந்த ஏடு மக்களுக்குத் திறந்துவிடுகிறது. என்றைக்காவது ஊர் படிக்கும் என்று தெரிந்தால், பூட்டிய அறையிலும் மனிதன் நேராகத்தான் பேசுவான். நமக்கும் இப்படி ஒரு விதி வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

அது வரும்வரை நம் கையில் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவு. ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் மன்றங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டம் மக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பை மக்கள் பார்க்கலாமா என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். தகவலை மறுக்கும் காரணங்களை 8-ஆம் பிரிவு சொல்கிறது. “வழக்கு நிலுவையில் இருக்கிறது” என்பது தனியே ஒரு காரணமாக அதில் இல்லை. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றமே தடை போட்டிருந்தால் அது வேறு. 10 ரூபாய், ஒரு வெள்ளைத்தாள், 30 நாளுக்குள் பதில். வழக்கு எண் என்ன, வக்கீலுக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள், தீர்மானத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள்.

விடியுமுன்னே இந்த ஊர்க் கமிஷன் கடைகளுக்குப் பூ வருகிறது. ஒரு கிலோ மல்லிகைக்குத் தராசு முள்ளை உற்றுப் பார்க்கும் கண்கள் நம் கண்கள். அதே கண்ணோடு அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வாருங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். வெளியே போகச் சொன்னால் சண்டை போட வேண்டாம். “காரணத்தை ஏட்டில் எழுதிட்டீங்களா ஐயா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதிய பிறகு எழுந்து போங்கள்.