பழைய பாட்டும் பழைய காலமும்

(தாயில்பட்டியில் நடந்த பழைய திரைப்பாடல் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

இசைக்குழு காத்திருக்கிறது, அதனால் சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

"எண்பதுகளின் பாட்டு மாதிரி இனி வராது" என்று நம் வீடுகளில் ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் இந்தப் பக்கத்தில் அந்தப் பாட்டுகளை யார், எப்படிக் கேட்டார்கள்? வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே இலங்கை வானொலி கேட்டார்கள். பட்டாசு மருந்து புழங்குகிற அறைக்குள் ரேடியோ வைக்க முடியாது, ஒரு பொறி போதும். அங்கே சரம் பின்னிய பெண்கள், முந்தின நாள் கேட்டதை வாய்க்குள் பாடிக்கொண்டார்கள். விடியுமுன் ஆலை பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகளும் அதே பாட்டுகளைத்தான் பாடினார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். நாம் பொற்காலம் என்று சொல்லும் வருடங்களில் இங்கே நடந்தது அதில் இருக்கிறது.

சரி, நம்ம ஊர் ரேடியோவை விட்டுவிட்டு ஏன் இலங்கை? அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தடை தளர 1971 ஆனது. 1952இல் அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அதையும் ஒதுக்கினார். சாஸ்திரிய சங்கீதம் மட்டும்தான் சங்கீதம் என்றார்கள். எது 'தரம்' என்று முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்ட பாட்டு கடல் தாண்டிப் போய், அங்கிருந்து நம் காதுக்குத் திரும்பி வந்தது.

பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் கையில் இருந்ததும் அந்த ஆர்மோனியம்தான். பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாட, தம்பிகள் ஊர் ஊராகக் கூடப் போனார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. நாற்று நடுகிறவர்கள் பாடுவது போன்ற மெட்டு, பெரிய வாத்தியக் குழுவோடு தியேட்டரில் ஒலித்தது. அந்தத் தம்பி தலித் வீட்டுப் பிள்ளை. அப்படிப் பேசுவதை இளையராஜா விரும்புவதில்லை, அது அவர் உரிமை. அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவது நம் உரிமை.

ஆனால் 1992இல் 'தேவர் மகன்' வந்தது. வாலி எழுத, இதே இளையராஜா இசையமைத்த புகழ்ப்பாட்டு அதில் இருக்கிறது. மெட்டு அழகானது, மறுக்கமாட்டேன். ஆனால் நம் தெருவைக் கடக்கும்போது மட்டும் அதன் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்களே, அது இசை ரசனையா? மாரி செல்வராஜ் அந்தப் படத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார், பிறகு 2023இல் 'மாமன்னன்' எடுத்தார். அங்கே இசக்கியாக அடிவாங்கிய வடிவேலு இங்கே மாமன்னனாக நின்றார். பதில் வர முப்பத்தோரு வருடம் ஆகியிருக்கிறது.

"இசையமைத்தவர் நம்ம ஆள்தானே, அப்புறம் என்ன?" என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். மெட்டுப் போட்டவரின் பிறப்பு அந்தப் பாட்டின் அரசியலைக் கழுவிவிடாது, தம்பி. அந்த ஒரு பாட்டுக்காக மற்ற ஆயிரம் பாட்டுகளைத் தூக்கி எறியவும் நான் தயாராக இல்லை. அவை எங்கள் அம்மாமார் பசைக் கையோடு கேட்டவை.

இசைக்குழுவிடம் கொடுத்த பட்டியலில் அந்தப் பாட்டு இல்லை. இடையில் யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தாலும் பாடமாட்டார்கள், பேசிவிட்டோம். முதல் பாட்டு 'அன்னக்கிளி'யிலிருந்து. ஆர்மோனியக்காரர் வந்துவிட்டார்.