யாரால் என்னும் வினா



இன்றைய இலக்கிய உரையில் சிறிது இலக்கணம் பேச விரும்புகிறேன். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவனுக்கு அதுதான் கைவந்த தொழில். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட சொற்றொடர் பாடநூலில் இருப்பதன்று. புளியங்குளத்திலிருந்து வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ ஏ9 வீதியால் செல்லும் எவரும் பதாகைகளில் அதனை வாசித்திருப்பர். "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்" என்பதே அது.

அரசாங்க ஏடுகளில் இவர்களுக்கு வேறொரு பெயர் உண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் தோன்றிய அலுவலகத்தைக் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்கிறார்கள். காணாமற்போதலுக்கும் காணாமல் ஆக்கப்படுதலுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? பேனா காணாமற்போகிறது, கட்டவிழ்ந்த மாடு காணாமற்போகிறது. அங்கே குற்றவாளி எவரும் இல்லை. 'ஆக்கப்பட்டார்' என்பதோ செயப்பாட்டு வினை. அதனைக் கேட்டதும் "யாரால்?" என்ற வினா எழவேண்டும். மூன்றாம் வேற்றுமை உருபாகிய 'ஆல்' வந்து நிற்கவேண்டிய இடம் அந்த வாக்கியத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. நமது தாய்மார் அந்த இடத்தை நிரப்பித் தரும்படியே கேட்கிறார்கள்.

மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாவை நமது இலக்கணகாரர் இரண்டாகப் பகுத்தனர். கோயிலைத் தச்சனும் கட்டினான், அரசனும் கட்டினான் என்போம். கையால் செய்த தச்சன் இயற்றுதற் கருத்தா. செய்வித்த அரசன் ஏவுதற் கருத்தா. செயல் இருவருக்கும் உரியது. கட்டளையிட்ட மேலதிகாரியும் பொறுப்பாளியே என்று இன்றைய சர்வதேசச் சட்டம் கூறும்போது, நன்னூல் படித்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது.

வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். போர் முடிந்த 2009 மே மாதத்தில் வட்டுவாகலிலும் ஓமந்தையிலும் மக்கள் வரிசையில் நின்றனர். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. மனைவியர் கணவரையும், பெற்றோர் பிள்ளைகளையும் தம் கையாலேயே ஒப்படைத்தனர். பேருந்துகளில் ஏற்றப்பட்டவர்களுள் பலர் பின்னர் திரும்பி வரவில்லை. போரின் இறுதிக் காலத்தில் புலிகளால் படைக்குச் சேர்க்கப்பட்டுத் தகவலின்றிப் போன பிள்ளைகளும் உண்டு. அவர்களது பெற்றோரும் இதே வினாவைத்தான் கேட்கின்றனர். உண்மை எந்தப் பக்கம் சுட்டினாலும் அது சொல்லப்படவேண்டும்.

இந்த வினாவுடன் மக்கள் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. 1994இல் நியமிக்கப்பட்ட வலய ஆணைக்குழுக்கள், 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் தாய்மார் அதே புகைப்படத்தை நீட்டி, அதே திகதியைச் சொல்லி, அதே கண்ணீரை விட்டனர். 2017 ஜனவரி 23ஆம் திகதி வவுனியாவில் உண்ணாவிரதம் தொடங்கிற்று. அரசாங்கத்தின் வாக்குறுதியை நம்பி அது நிறுத்தப்பட்டது, வாக்குறுதி பலிக்கவில்லை. அடுத்த மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும், 24ஆம் திகதி வவுனியாவிலும் தொடர் போராட்டங்கள் ஆரம்பமாயின. மூவாயிரம் நாட்கள் கடந்துவிட்டன. அப்பந்தல்களில் இருந்த பெற்றோர் பலர் விடை அறியாமலே இறந்துவிட்டனர்.

2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றார். மரணச் சான்றிதழ் தரலாம், வாழ்வை மீளக் கட்டியெழுப்ப உதவி தரலாம் என்பது அவ்வாண்டின் பேச்சு. 2022இல் குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபா என்ற தீர்மானமும் வந்தது. தாய்மாரில் பெரும்பாலோர் வேண்டாம் என்றனர். அவர்கள் பிடிவாதக்காரர் என்று சொல்வோர் நம்மிடையேயும் உளர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இறந்தார் என்றால் எங்கே, எப்போது, யாரால் என்று சொல்லவேண்டாமா? நாளும் இடமும் அறியாத மரணத்தை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்?

இலக்கியத்துக்கு வருவோம். புறநானூற்றிலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாயொருத்தி, மகன் புறமுதுகிட்டான் என்ற பழியைக் கேட்டுக் களத்துக்கே போகிறாள். வாளோடு பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த மகனைக் காண்கிறாள். கொடிய காட்சிதான். எனினும் அவளுக்குப் புரட்டிப் பார்க்க உடல் இருந்தது; நட ஒரு கல்லும் கிடைத்திருக்கும். கையறுநிலை பாடுவதற்கும் மரணம் உறுதியாகவேண்டும். நம் வன்னித் தாய்க்கு அந்தத் துறையும் இல்லை.

வன்னி, காடும் காடு சார்ந்த நிலமுமான முல்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போன தலைவனுக்காகத் தலைவி ஆற்றியிருப்பாள். அந்த இருத்தலுக்கு ஒரு பருவ எல்லை உண்டு. இங்கே மாரி பதினாறு முறைக்கு மேல் வந்து போயிற்று. எல்லை குறிக்கப்படாத இருத்தலுக்குத் தொல்காப்பியத்தில் இலக்கணம் இல்லை.

என் மாணவன் ஒருவன் சென்ற ஆடி மாதத்தில் என்னிடம் வந்தான். கைக்குழந்தையாக இருந்தபோது தந்தையைப் பிரிந்தவன். "சேர், ஆடி அமாவாசைக்கு நான் விரதம் பிடிக்கலாமா?" என்றான். தந்தையை இழந்தவன் பிடிக்கும் விரதம் அது. பிடித்தால் தாயின் குங்குமத்துக்கு என்ன பொருள்? பிடிக்காவிட்டால், தந்தை இறந்திருப்பின் பிதிர்க்கடன் என்னாவது? "அம்மா சொல்வதைச் செய், தம்பி" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் இந்தத் தீர்ப்பை ஏற்றி வைத்தவர் யார் என்பதும் 'யாரால்' என்ற வினாவின் ஒரு பகுதியே.

நேயர்களே, இது தமிழர் துயரம் மட்டுமன்று. 1987 முதல் 1990 வரை தென்னிலங்கையில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டனர். சீதுவை ரத்தொலுவச் சந்தியில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. தூரத்து ஆர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி பதினான்கு தாய்மார் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னுள்ள சதுக்கத்தில் கூடினர். அந்நாட்டுப் பாட்டிமார் தம் பேரப்பிள்ளைகளைத் தேடி அறிவியலாளரின் துணையை நாடினர். 1987இல் அங்கே தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி நிறுவப்பட்டது. இதுவரை நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளங் காணப்பட்டுள்ளனர். தேடிய பாட்டி இறந்தாலும் அவள் கொடுத்த இரத்தம் சாட்சி சொல்கிறது.

நமக்கு அது உடனடித் தேவை. கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. ஐம்பத்திரண்டு பேருடையவை எடுக்கப்பட்டன. செம்மணியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு பாடசாலைப் பையும் கிடந்தது. அந்த எலும்புகளுக்குப் பெயர் சொல்ல உறவினரின் மரபணு வேண்டும். அதைத் தரக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். வங்கியை நிறுவ வேண்டியது அரசு. அதனைக் கேட்கவேண்டியவர் நாம் எல்லோரும்.

இன்னொரு காரியம் அரசைக் கேளாமலே செய்யலாம். வீட்டில் ஒரு கொப்பியை எடுத்து, போனவரின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், திகதி, உடுத்திருந்த உடை, உடனிருந்தோர், ஒப்படைத்த வேளையில் பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றைத் தாய் சொல்லப் பிள்ளை எழுதட்டும். சிலம்பிலே கண்ணகி அழுததனால் மட்டும் வழக்கில் வெல்லவில்லை. கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அந்தக் கொப்பி நமது சிலம்பு. அதனை எழுதும் பிள்ளை, பிழையற்ற தமிழில், "காணாமற்போனார்" என்று எழுதாமல், "ஆக்கப்பட்டார்" என்றே எழுதட்டும். 'யாரால்' என்பதற்கு ஒரு வரியை வெறுமையாக விட்டு வைக்கட்டும். பாட்டி போனபின்பும் அந்த வரி விடை கேட்டுக்கொண்டிருக்கும்.